மலைக்காற்றில் புழங்கும் மடக்குக் கத்தி: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழிமுறை

சட்டைப் பையில் அடங்கும் ஒரு மடக்குக் கத்தியைக் கையால் செய்ய முற்படுபவர்கள் பெரும்பாலும் அலகைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எந்த எஃகு, எவ்வளவு கூர், முனை எப்படி வளைய வேண்டும் என்பதிலேயே யோசனை முழுவதும் செலவாகிவிடுகிறது. கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் இவற்றைச் செய்தும், செய்து கொடுத்தவை திரும்பி வந்தபோது பிரித்துப் பார்த்தும் நான் அறிந்துகொண்டது வேறு. திரும்பி வந்தவற்றில் அலகு பழுதானவை சிலவே. அலகும் பிடியும் சேரும் மூட்டு பழுதானவையே அதிகம். அந்தப் பழுதையும் தோண்டிக்கொண்டே போனால், மூட்டின் இறுக்கத்தை மரம் தாங்கும்படி வரைந்த முதல் வரைபடத்தில் போய் நிற்கிறது. சமவெளியில் அந்த வடிவம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆண்டின் சில மாதங்கள் மூடுபனியிலும் சில மாதங்கள் உலர்ந்த காற்றிலும் கழியும் மலையில் அது தாக்குப்பிடிப்பதில்லை.

கீழே சொல்லப்படும் அளவுகள் எல்லாம் ஒரே வகைக் கத்திக்கு உரியவை. விசைவில்லும் பூட்டும் இல்லாமல், மூட்டின் உராய்வால் மட்டுமே நிற்கும் எளிய மடக்குக் கத்தி அது. அலகின் அடியில் சிறிய வால் ஒன்று நீண்டிருக்கும். திறந்த நிலையில் அந்த வால் பிடியின் முதுகில் படிந்து கட்டைவிரலுக்கோ உள்ளங்கைக்கோ அடியில் அகப்பட்டிருக்கும் வரை அலகு மடங்காது. ஜப்பானில் மிக்கி என்ற ஊரில் செய்யப்படும் ஹிகோனோகாமி கத்திகள் இந்த முறையைச் சேர்ந்தவை. நான் செய்வதில் அலகின் வெளிநீளம் 60 மி.மீ., அச்சாணியிலிருந்து முனை வரை 68 மி.மீ., தடிமன் 2 மி.மீ. பிடியின் நீளம் 85 மி.மீ., அகலம் 18 மி.மீ., பிடிப்பலகை ஒவ்வொன்றும் 4 மி.மீ. அலகுக்கு இருபுறமும் 0.3 மி.மீ. பித்தளை வாஷர். ஆக மொத்தத் தடிமன் 10.6 மி.மீ., எடை சுமார் 35 கிராம். உர மூட்டையின் சணலை அறுக்க, பேரிக்காய் நறுக்க, ஒட்டுக்கட்டும் நாடாவை வெட்ட இது போதும். தேயிலைக் கவாத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அது வேறு கத்தியின் வேலை.

எந்தக் குறையானாலும் அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: குறை எந்த மாதத்தில் தொடங்கியது, ஒரு நாளின் எந்த நேரத்தில் கூடுகிறது, கடைசியாக என்ன எண்ணெய் போட்டீர்கள். பிறகு கத்தியைத் துடைத்து, இரண்டு நாள் அடுப்படிக்கு அருகில் உள்ள அலமாரியில் வைத்துவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். அதற்குள் தானாகவே சரியாகியிருந்தால் உலோகத்தில் குறை இல்லை என்று பொருள். இரும்பை அராவி நல்ல மூட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மழைக்காலத்தில் திறக்க முடியவில்லை; மாசி, பங்குனியில் தளர்ந்துவிடுகிறது

மலையில் முதலில் வரும் முறையீடு இதுதான். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் தொடங்கும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் தொடங்கும். அச்சாணியில் துரு பிடித்துவிட்டதாக எண்ணிப் பலரும் எண்ணெயை ஊற்றுகிறார்கள். எண்ணெய் ஊற்றியும் இளகவில்லை என்றால் காரணம் துரு அல்ல, மரம்.

மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் சுமார் 12 விழுக்காடு ஈரம் தங்கும். காற்று 90 விழுக்காட்டுக்குப் போனால் மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தொடும். நார் ஓடும் திசையில் மரம் அனேகமாக நீள்வதே இல்லை, குறுக்கே ஊதும். ஈரம் 1 விழுக்காடு கூடினால் குறுக்களவு சுமார் கால் விழுக்காடு கூடும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 4 மி.மீ. பலகை மழைக்காலத்தில் 0.08 மி.மீ. தடிக்கும். இரண்டு பலகைக்கும் சேர்த்து 0.16 மி.மீ. இருபுறமும் தலை தட்டிய அச்சாணியின் நீளமோ மாறாது. ஒரு தாளின் தடிமனைவிட அதிகமான இந்த வீக்கம் முழுவதும் வாஷரையும் அலகையும் போய் அழுத்துகிறது. வெயில் காலத்தில் மரம் பழைய அளவுக்குத் திரும்பினாலும், அழுத்தத்தில் நசுங்கிய நார் நிமிர்வதில்லை. ஆகவே முன்பு இருந்ததைவிட மூட்டு தளர்கிறது. அப்போது ஆணியின் தலையை இன்னும் தட்டி இறுக்குபவர்கள், அடுத்த மழைக்கு இன்னும் மோசமான இறுக்கத்தை வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் இதையே செய்து, நல்ல ஈட்டி மரப் பிடிகள் மூன்றை ஆணியைச் சுற்றி வெடிக்கவிட்டேன்.

மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் மரம் ஊதினால் பிடி இறுகுவது நன்மை. நீலகிரியில் இரும்பு வேலைக்கும் தச்சுக்கும் பெயர் பெற்ற கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக அண்டை ஊர்களுக்குச் செய்து கொடுத்த கருவிகளில் மரமும் இரும்பும் அசையாமல் சேர்ந்திருந்தன. அசையும் மூட்டில் அந்தப் பாடம் தலைகீழாகிறது.

திருத்தும் வழி: ஆணியின் ஒரு தலையை அராவி எடுத்து மூட்டைப் பிரியுங்கள். பிடிப்பலகைகளில் அச்சாணித் துளையை 8 மி.மீ. ஆக அகலப்படுத்துங்கள். 8 மி.மீ. பித்தளைக் கம்பியில் நடுவே 3 மி.மீ. துளையிட்டு, 4.1 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டி, அவற்றை அந்தத் துளைகளில் அரால்டைட் என்ற எப்பாக்ஸிப் பசை கொண்டு பதியுங்கள். பித்தளைக் கம்பியின் மிச்சத் துண்டு மேட்டுப்பாளையத்திலும் கோயம்புத்தூரிலும் உள்ள லேத் பட்டறைகளில் கிடைக்கும். கீழே போய்வருபவரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பதித்தபின் ஆணியின் தலை, பித்தளைக் குழல், வாஷர், அலகு, வாஷர், குழல், தலை என்று அழுத்தம் முழுவதும் உலோகத்தின் வழியாகவே செல்லும். குழல் பலகையைவிட 0.1 மி.மீ. நீண்டிருப்பதால், மரம் 0.08 மி.மீ. ஊதினாலும் மூட்டைத் தொடாது.

கடையில் விற்கும் பல கத்திகளில் இதே நோக்கத்துக்காக உள்தகடு வைக்கிறார்கள். 1 மி.மீ. பித்தளை உள்தகடு இரண்டு சேர்த்தால் நம் அளவுக் கத்திக்கு 26 கிராம் கூடும். எடை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும். குழல் இரண்டுக்கும் சேர்த்து 3 கிராம்தான் கூடுகிறது. பையில் சுமக்கும் கருவிக்கு இந்த வேறுபாடு பெரியது என்பதால் நான் குழலையே தேர்ந்தெடுக்கிறேன்.

காலையில் இறுகியிருக்கிறது, மதியம் தானாக இளகுகிறது

மழை இல்லாத மார்கழி, தை மாதங்களில் இப்படி நேர்ந்தால் மூட்டில் தேங்காயெண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் ஊரில் குளிர்கால விடியலில் சமையலறைப் புட்டியே கட்டியாக இருக்கும்போது, 0.3 மி.மீ. இடுக்கில் உள்ள எண்ணெய் மட்டும் எப்படி இளகியிருக்கும்? பையின் உடற்சூட்டிலும் மதிய வெயிலிலும் அது உருகுகிறது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் உறையாவிட்டாலும் சில மாதங்களில் பிசினாகின்றன.

மூட்டில் சில சொட்டு நீலகிரித் தைலம் விட்டு அலகைப் பலமுறை திறந்து மூடினால் பழைய பிசின் கரைந்து வெளியேறும். தைலம் ஆவியாகிவிடும், இரும்புக்குக் காவலாக எதையும் விட்டுவைக்காது. ஆகவே உடனே வேறு எண்ணெய் போட வேண்டும். பழம் வெட்டும் கத்திக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் மிகவும் ஏற்றது. கயிறும் மூட்டையும் மட்டும் வெட்டுவதானால் தையல் மெஷின் எண்ணெய் போதும்.

அலகு இரு பக்கமும் ஆடுகிறது

ஆட்டத்தைக் கண்டவுடன் ஆணியைத் தட்டாதீர்கள். முதலில் வாஷரின் விட்டத்தை அளந்து பாருங்கள். மூட்டில் 0.05 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று கொள்வோம். வாஷர் 8 மி.மீ. விட்டமானால் முனை 0.4 மி.மீ.க்கு மேல் ஆடும்; 12 மி.மீ. ஆனால் 0.3 மி.மீ.க்குக் குறையும். மூட்டு சீராகச் சுழல அந்தச் சிறு இடைவெளி தேவை. அதை அறவே ஒழிக்க முயல்வதைவிட, அகன்ற வாஷர் வைத்து அதன் விளைவைக் குறைப்பதே நல்ல வடிவமைப்பு. அலகின் அடிப்பகுதியை 14 மி.மீ. அகலமாகத் தொடக்கத்திலேயே வரைந்திருந்தால்தான் 12 மி.மீ. வாஷருக்கு இடம் இருக்கும்.

இடைவெளியைக் கட்டுப்படுத்த எளிய வழி உண்டு. சாதாரண எழுதும் தாளில் ஒரு துண்டை ஆணித்துளை அளவுக்கு வெட்டி, ஒரு பக்க வாஷருக்கும் அலகுக்கும் இடையில் செருகிவைத்து ஆணியின் தலையைத் தட்டுங்கள். தட்டி முடித்ததும் தாளை நனைத்துப் பிய்த்து எடுத்துவிட்டால் தேவையான இடைவெளி மட்டும் எஞ்சும். பெரிய சுத்தியால் நான்கு அடி அடிப்பதற்குப் பதிலாகச் சிறிய சுத்தியால் நாற்பது முறை தட்டுவதே ஆணிக்கு நல்லது; பலமாக அடித்தால் ஆணி நடுவில் புடைத்து அலகின் துளையைப் பிடித்துக்கொள்ளும்.

மூடும்போது அலகு ஒரு பக்கப் பலகையில் உரசுகிறது

அச்சாணித் துளை செங்குத்தாக இல்லாததே முதற்காரணம். எவ்வளவு சிறிய பிழை போதும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். துளை கால் டிகிரி சாய்ந்தாலே 68 மி.மீ. தொலைவில் உள்ள முனை 0.3 மி.மீ. விலகும், அலகுக்கு இருபுறமும் இருக்கும் இடைவெளியும் அதே 0.3 மி.மீ. தான். கையில் பிடிக்கும் டிரில்லால் கால் டிகிரிக்குள் துளையிட எவராலும் இயலாது. நிற்கும் டிரில் மெஷின் இல்லாவிட்டால், அரை மணி நேர வேலைக்கு வெல்டிங் பட்டறை ஒன்றில் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு பலகைகளையும் அலகையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்து ஒரே வீச்சில் துளையிட்டால், சாய்வு இருந்தாலும் மூன்றிலும் ஒரே சாய்வாக இருக்கும். ஆனாலும் அலகு பிடிக்குச் செங்குத்தாகச் சுழலாது என்பதை மறந்துவிடக் கூடாது.

சோதிக்க, 3 மி.மீ. டிரில் பிட்டை அலகின் துளையில் செருகி, அலகைக் கண்ணாடித் தட்டின் மேல் படுக்கவைத்து, மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். துளை சரியாக இருந்தால் அடிப்பகுதியின் தடிமனை வெர்னியர் கொண்டு நான்கு மூலையிலும் அளவிடுங்கள். 14 மி.மீ. அகலத்தில் ஒரு ஓரம் 0.05 மி.மீ. தடித்திருந்தால் முனை கால் மி.மீ. திரும்பிவிடும். கண்ணாடித் தட்டில் உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் அடிப்பகுதியைத் தேய்த்துச் சமன் செய்யலாம்.

தோய்ச்சல் போட்ட (பழுக்கச் சூடாக்கி எண்ணெயில் விட்டுக் கடினமாக்கிய) அலகை வளைத்து நேராக்க முயலாதீர்கள்; பெரும்பாலும் துளைக்கு அருகில் முறியும். அதற்குப் பதிலாக முனையை நோக்கி அலகின் தடிமனை 2 மி.மீ.யிலிருந்து 1.2 மி.மீ. வரை படிப்படியாகக் குறைத்தால் முனையருகே இருபுறமும் 0.4 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கும். அலகும் நன்றாக அறுக்கும், எடையும் குறையும். புதிதாக வரைபவர்கள் இதைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைக்குள்ளேயே திறந்துகொள்கிறது, அல்லது வெட்டும்போது மடங்குகிறது

இவை இரண்டும் விரலை அறுக்கக்கூடியவை என்பதால் திருத்தும் வரை அந்தக் கத்தியைப் பயன்படுத்தவே கூடாது. மூடிய கத்தியைப் பிளவு கீழே பார்க்கும்படி பிடித்து மூன்று முறை உதறுங்கள். அலகு வெளியே வந்தால் மூட்டில் உராய்வு போதவில்லை. உதறியும் வராமல் பையில் மட்டும் திறந்தால், வால் துணியில் சிக்குகிறது. வாலின் நுனி பிடியின் முதுகை ஒட்டி வளைந்து அமரும்படி அராவிவிடுங்கள்.

வெட்டும்போது மடங்குவதற்கு வேறு காரணம் உண்டு. அலகின் வாய், அதாவது கூரான விளிம்பு, ஒரு பொருளை அழுத்தும்போது அந்த விசை அலகை மேலும் திறக்கவே முயலும். ஆகவே அறுக்கும் வேலையில் கத்தி மடங்காது. முனையால் குத்தும்போதும், முதுகால் நெம்பும்போதும்தான் மடங்கும். அந்த வேலைகளைப் பூட்டில்லாத கத்தியால் செய்யக் கூடாது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒப்பினெல் கத்திகளில் சுழலும் பூட்டு வளையம் 1955இல்தான் சேர்க்கப்பட்டது; அதற்கு முன் அவையும் உராய்வையே நம்பியிருந்தன. பூட்டு வேண்டாம் என்று முடிவு செய்தால் வால் அச்சாணியிலிருந்து குறைந்தது 25 மி.மீ. நீண்டிருக்கட்டும், 15 மி.மீ. வாலைக் கட்டைவிரல் உறுதியாகப் பிடிக்காது.

திறந்த அலகு நாளடைவில் பின்னோக்கிச் சாய்ந்துகொண்டே போனால், வால் படியும் இடத்தில் மரம் நசுங்குகிறது. அங்கே ஒரு சிறிய பித்தளைத் துண்டைப் பதித்தால் நின்றுவிடும்.

மூடி வைத்த கத்தியின் கூர் மழுங்குகிறது. முனை வெளியே எட்டிப் பார்க்கிறது

மூடும்போது வாய் உள்ளே எங்கோ இடிக்கிறது. வாயில் மார்க்கர் மையைத் தடவி மூடித் திறந்தால் இடிக்கும் இடம் தெரியும். இதைத் தவிர்க்க, வரைந்த அலகையும் பிடியையும் அட்டையில் வெட்டி, குண்டூசியால் கோத்து, முழுவதும் சுழற்றிப் பாருங்கள். மூடிய நிலையில் வாய்க்கும் பிடியின் உள்முதுகுக்கும் இடையே 1.5 மி.மீ. இருக்க வேண்டும்.

முனை எட்டிப் பார்ப்பது பல ஆண்டுகள் சாணை பிடித்த கத்தியில் வரும். வாய்ப்பக்கம் தேயத் தேய முனை முதுகை நோக்கி ஏறுகிறது. முதுகுப் பக்கத்திலிருந்து முனையைச் சற்றே தேய்த்துத் தாழ்த்தினால் போதும்.

கூர் நிற்கவில்லை

இந்த ஒரே முறையீட்டுக்குள் நான்கு வெவ்வேறு குறைகள் இருக்கின்றன. வாயை வெளிச்சத்தில் பார்த்தும் அரத்தால் தொட்டும் அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

வாய் ஒரு பக்கமாக மடிந்து, அரம் அலகின் மேல் எளிதாகக் கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. எஃகு போதுமான அளவு சூடாகவில்லை, அல்லது அது தோய்ச்சல் ஏறாத மெல்லிரும்பு. காந்தம் ஒட்டாத நிலையை அடைந்தபின் இன்னும் ஒரு நிறம் கூடும் வரை சூடாக்கிப் பிறகுதான் எண்ணெயில் விட வேண்டும். இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். தோய்ச்சலுக்கு அதைத் தாண்ட வேண்டும். நண்பகல் வெயிலில் நிறம் தெரியாது என்பதால் கொட்டகையின் நிழலில் அல்லது மாலையில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

வாய் சிறு சிறு பற்களாக உதிர்ந்தால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது, பதம் இறக்கப்படவில்லை; அதாவது தோய்த்தபின் மீண்டும் மிதமாகச் சூடாக்கி அலகின் நொறுங்கும் தன்மையைக் குறைக்கவில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் கரிமம் 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். அதற்கு 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை போதும். பழைய அரத்தில் கரிமம் 1 விழுக்காட்டுக்கும் மேல். அதற்கு 220 முதல் 230 டிகிரி தேவை. அடுப்பின் முள்ளை முழுவதும் நம்பாமல், தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இடத்தில் நிறத்தைக் கவனியுங்கள்: வெளிர் வைக்கோல் நிறம் போதும், பழுப்பு வந்தால் கத்திக்கு அதிகம், நீலம் வந்தால் ஸ்பிரிங்குக்கு ஏற்ற பதம்.

முழு வாயும் நன்றாக இருந்து ஓர் இடம் மட்டும் விரைவில் மழுங்கினால், சாணைச் சக்கரத்தில் அந்த இடம் சூடேறி நீலம் பாய்ந்திருக்கிறது. அந்த நீலத்தை உப்புத்தாளால் துடைத்தெடுத்தாலும் மென்மை உள்ளே இருக்கும். அவ்வளவு ஆழத்துக்கு வாயைத் தேய்த்து இறக்குவது, அல்லது மீண்டும் தோய்ச்சல் போடுவது என்று இரண்டே வழி. தோய்ச்சலுக்குப் பின் வெறும் விரலால் அலகைப் பிடித்துக்கொண்டு, சூடு உறைத்தவுடன் நீரில் முக்கித் தேய்த்தால் இக்குறை வராது.

புதுக் கத்தி முதலில் ஏமாற்றம் தந்து, இரண்டு மூன்று சாணைக்குப் பிறகு தானாக நன்றாக அறுக்கத் தொடங்கினால் கவலை வேண்டாம். உலையில் மேற்பரப்பின் கரிமம் எரிந்துபோன மெல்லிய தோல் தேய்ந்து போய்விட்டது. அடுத்த கத்தியில் தோய்ச்சலுக்கு முன் வாயை 0.5 மி.மீ. தடிப்பாக விட்டுவைத்து, பிறகு தேய்த்து இறக்குங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெஷின் ஹாக்சா பிளேடில் கத்தி செய்பவர்கள் அதைச் சாதாரண எஃகு போல உலையில் இடுகிறார்கள். அதிவேக எஃகாலான பிளேடு தோய்ச்சல் ஏற சுமார் 1200 டிகிரி தேவை. வீட்டு உலையில் அது கெடுவது மட்டுமே நடக்கும். இருக்கும் கடினத்தை அப்படியே வைத்துக்கொண்டு தேய்த்து வடிவம் கொடுங்கள். துளைக்குக் கார்பைடு பிட் வாங்குங்கள்.

தோய்ச்சலில் அலகு வளைந்தது அல்லது கீறியது

நீரில் தோய்த்தால் 2 மி.மீ. அலகு பெரும்பாலும் கீறும், எண்ணெயே ஏற்றது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் சீராகக் குளிரவைக்காது. மலையில் எண்ணெயை 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கிய பிறகே தோய்க்க வேண்டும். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தை வெட்டவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்த்து மெலிந்த அலகு எந்த எண்ணெயிலும் வளையும். ஆகவே தோய்ச்சலுக்கு முன் இரு பக்கமும் சமமாகத் தேய்த்திருக்க வேண்டும்.

துரு, களிம்பு, கறுப்பு

மூன்றும் வெவ்வேறு. அலகின் மேல் சீராகப் படரும் சாம்பல் கறுப்பு நோயல்ல. பேரிக்காய், பிளம்ஸ், எலுமிச்சை வெட்டிய கத்தியில் அது இயல்பாக வரும், துருவையும் ஓரளவு தடுக்கும். அதை நாமே வரவழைக்கலாம். அலகை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வினிகரால் துடைத்து, கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த டஸ்ட் டீயில் ஒரு மணி நேரம் முக்கி வையுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படியும். மூட்டில் கோப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கோத்த பிறகு முக்கினால் வாஷருக்குள் ஈரம் புகுந்து தங்கும்.

செந்நிறப் புள்ளிகளே துரு. அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் தொடங்குகிறது: விரல் படும் வால், வாஷரின் விளிம்பு. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் அலகு முழுவதும் பரவும், ஏனெனில் தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உறையைச் சுமக்க மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் கத்தியை வெளியே எடுத்து வையுங்கள்.

ஆணியைச் சுற்றி மரத்தில் கருவளையம் தோன்றினால் இரும்பு ஆணியும் ஈரமும் மரத்தின் துவர்ப்பும் சந்தித்திருக்கின்றன. தோல் பதனிடத் துவர்ப்புப் பட்டை தரும் சீகை (வாட்டில்) மரத்தில் இது மிக விரைவில் வரும். எலுமிச்சைச் சாறு கறையை வெளிறச் செய்யும். ஆனால் ஆணியைப் பித்தளைக்கு மாற்றாத வரை கறை திரும்ப வரும். பித்தளையின் பச்சைக் களிம்பு உணவில் படக் கூடாது. பழம் வெட்டும் கத்தியில் வாரம் ஒருமுறை வாஷரின் விளிம்பைத் துடைத்து எடுங்கள்.

பிடிப்பலகை பிரிகிறது

பசையில் குறை என்று எண்ணுவதற்கு முன், ஒட்டிய இரவு எவ்வளவு குளிராக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். எப்பாக்ஸிப் பசை இறுகுவது வேதிவினை. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வினையின் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். தை மாதத்து இரவில் கொட்டகையில் விட்டுவந்த பிடி, மறுநாள் கெட்டியாகத் தோன்றினாலும் உள்ளே ரப்பராகவே இருக்கும். விறகடுப்புக்கு மேலுள்ள பரணில் இரண்டு நாள் வைத்து எடுங்கள். ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரமானால் ஒட்டுவதற்குச் சற்று முன் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஈட்டியைத் தேய்க்கும் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஒவ்வாதது; முகமூடி அணியுங்கள்.

மரத்தேர்வில் என் விருப்பம் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடித்தண்டு. நெருக்கமான நாரும் கனமும் உள்ளது, விலையும் குறைவு. வெட்டி ஒரு வருடமாவது நிழலில் உலர்த்தினால்தான் வெடிக்காமல் இருக்கும். சில்வர் ஓக் இந்த வேலைக்கு மென்மை அதிகம். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) முறுக்கிக்கொள்ளும். காட்டுப் பாதையில் உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பைப் பிடிக்கு எடுத்துவர வேண்டாம். உதிர்ந்த கொம்பானாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம்.

பையைக் கிழிக்கிறது, குளிரில் திறக்க வரவில்லை

பை கிழிவதற்கு வாலின் நுனியும் பிடியின் பின்மூலையும் காரணம். கன்னத்தில் தேய்த்துப் பார்த்து உறுத்தாத வரை மூலைகளை உப்புத்தாளால் உருட்டுங்கள். உள்ளங்கையைவிடக் கன்னம் நுட்பமாக உணரும்.

திறப்பதைச் சோதிக்க வேண்டிய நேரம் மார்கழியின் காலை ஏழு மணி. பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து பறிக்கப் புறப்படும் நேரத்தில் விரல்கள் விரைத்திருக்கும். நான் பட்டறையில் வெதுவெதுப்பான கையால் திறந்து பார்த்து மகிழ்ந்த கத்தியை அவரால் திறக்கவே முடியவில்லை. “நகம் நுழையற அளவு பள்ளம் எனக்கு ஆகாது தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு நகப்பள்ளத்தை முற்றிலும் விட்டுவிட்டேன். வாலை 3 மி.மீ. அகலப்படுத்தி, அதன் மேற்பரப்பில் முக்கோண அரத்தால் ஐந்து குறுக்குக் கோடுகள் போட்டு, கட்டைவிரலின் பக்கவாட்டால் தள்ளினாலே அலகு எழும்படி செய்தேன். கோடுகளின் ஆழம் 0.5 மி.மீ. இருந்தால் ஈரமான விரலும் வழுக்காது. அதற்கு மேல் ஆழமானால் கோட்டுக்குள் சேறு தங்கி அங்கிருந்தே துரு தொடங்கும்.